நூற்று மூன்று விழுக்காடு உயிர்

1

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். இந்தக் கதை ஓர் அரசாங்கப் படிவத்தின் பின்பக்கத்தில் பிறந்தது. முன்பக்கத்தில் ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். எண்ணுக்கு நான்கு கட்டங்கள், கையெழுத்துக்கு ஒரு கோடு. நான்கு நாட்களாக அந்த நான்கு கட்டங்களை நிரப்ப முடியாமல், ஐந்தாம் நாள் காலை படிவத்தைக் கவிழ்த்துப் போட்டு எழுத ஆரம்பித்ததுதான் இது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அரசாங்கத் தாளில் அவ்வளவு இடம் சும்மா கிடப்பது அபூர்வம்.

எழுதுகிறவள் பெயர் கிருஷ்ணகுமாரி. மலாய் நாட்டுச் சிறு நகரமான தங்காக்கில் இருக்கிறாள். ஒரு நூலகத்தில் முப்பத்தொரு வருடம், மற்றவர்கள் எழுதிய புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்தியவள். இதுவரை சொந்தமாக எழுதியவை: சாமான் பட்டியல்கள், ஒரு மரண அறிவித்தல்.

இந்தக் கதையில் 'நான்' வராது. காரணம், அவளுடைய கணவர் தயானந்தன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அலுவல் கடிதத்தில் 'நான்' என்ற சொல்லைக் கண்டால் அவருக்குத் தொண்டை கமறும். ஆங்கிலக் கடிதங்களில் பழகியதை மலாயில் எழுதும்போதும் விடவில்லை. 'கீழே கையொப்பமிட்டுள்ளவர்' என்றுதான் எழுதுவார்.

"நான் எண்டு எழுதினா சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும் குமாரி. கீழே கையொப்பமிட்டவர் எண்டு எழுதிப் பாரும். ஆரோ பாவப்பட்ட மனுசனுக்காக நாங்கள் எடுத்துப் பேசிற மாதிரி இருக்கும்."

ஆகவே கீழே கையொப்பமிடவிருப்பவள், ஆரோ ஒரு கிருஷ்ணகுமாரிக்காக எடுத்துப் பேசுகிறாள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'குனோங் லேடாங் மலைக்குப் பின்னாலிருந்து கதிரவன் தன் பொற்கதிர்களை—'

அடித்தாயிற்று. கதிரவனுக்கு இந்த அரசாங்க மரம் நடும் திட்டத்தில் மானியம் கிடையாது. அவன் ஏன் சும்மா வந்து நிற்க வேண்டும்?

இரண்டாம் முயற்சி: 'தயானந்தன் ஒரு காலணியைக் கழற்றியிருந்தார். மற்றதை—'

இது நல்ல தொடக்கம். நூலகத்தில் இப்படித் தொடங்கும் புத்தகங்கள் உடனே இரவல் போகும். ஆனால் அந்த மனிதரை உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாதவருக்காக உங்களை முதல் பக்கத்திலேயே அழவைப்பது அவருக்குப் பிடிக்காது. "அறிமுகம் இல்லாம ஆரிட்டையும் ஒண்டும் கேக்கக் கூடாது" என்பார். காலணி பிறகு வரும்.

மூன்றாம் முயற்சி: 'அந்த மரக்கன்று மூன்று ஊர்களில் நடப்பட்டது.'

இது நிற்கிறது. போகலாம்.

3

அந்த மரக்கன்று மூன்று ஊர்களில் நடப்பட்டது. முதலில் காஹாங்கில், மறுவாரம் சாஆவில், அதற்கடுத்த வாரம் தங்காக்கில். ஒவ்வொரு ஊரிலும் கூடாரம் போட்டு, கோட்டு போட்ட ஒருவர் கன்றைக் கறுப்புப் பையோடு குழிக்குள் இறக்கி, புது மண்கரண்டியால் மூன்று பிடி மண் தள்ளிப் படத்துக்கு நின்றார். கைதட்டல் ஓய்ந்ததும் ஓர் ஊழியர் கன்றைப் பையோடு தூக்கிக்கொண்டு லோரியில் ஏறினார். மூன்று நாளிதழ்ப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது பக்கத்து மூன்றாவது இலையில் ஒரே மாதிரியான பூச்சிக்கடி இருப்பதைக் கண்டுபிடித்தவர் தயானந்தன். பூதக்கண்ணாடியைத் துணியால் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரே கன்றுதான். சிக்கனம். நல்ல விஷயம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. ஒரு கதாபாத்திரமாக அவரை நம்பவைப்பது கடினம் என்று எழுதுகிறவளுக்கு இப்போதே தெரிகிறது. அரசாங்கத்திலிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது அவருக்குப் பல் துலக்காமல் இருப்பது மாதிரி. அப்படி ஒருவரை வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்களா? நாற்பது வருடம் கூட இருந்தவளுக்கே சில சமயம் சந்தேகம்தான்.

திட்டம் இதுதான். பெயர் நீளமானது, எல்லாரும் பயோமாஸ் திட்டம் என்றார்கள். வேகமாக வளரும் அக்காசியா மரங்களை நட மானியம். ஐந்து வருடத்தில் அவற்றை வெட்ட மானியம். வெட்டியதைத் தூளாக்கும் இயந்திரம் வாங்க, மரத்தொழில் செய்பவர்களுக்கு மானியம். தூளை அழுத்திச் சிறுசிறு துண்டுகளாக்கிக் கப்பலேற்ற இன்னொரு மானியம். கடல் தாண்டி ஒரு மின்நிலையத்தில் அதை எரிப்பார்கள். அதனால் பூமி குளிரும். மரத்தைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கிற திட்டம்.

விளக்கக் கூட்டத்தில் பச்சைச் சட்டை கொடுத்தார்கள். இரண்டு அளவுதான் இருந்தது: குழந்தைக்கானது, யானைக்கானது. யானைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மணியம் எழுந்து கேட்டார், மரத்தை எரித்தால் புகை வராதா என்று. வரும், ஆனால் அது பச்சைப் புகை என்று பதில் வந்தது. மணியம் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த தயானந்தனிடம் மெதுவாகச் சொன்னார்:

"பச்சைப் புகையாம் சார். நம்ம ஊட்டு அடுப்புல வர்றது மட்டும் கறுப்பு லா."

மணியம் யார் என்று சொல்லவில்லையே. தங்காக்குக்கு வெளியே, தொழிற்சாலைகள் சரக்கு அடுக்குகிற மரப்பலகைத் தட்டுகளைச் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். தயானந்தனுக்கு அப்பா வழியில் வந்த நாலு ஏக்கர் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் அவருடையது. இருவரும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டார்கள். தயானந்தன் இணைப்புகள் அ முதல் ஊ வரை வைத்துக் கொடுத்தார். மணியம் அடையாள அட்டையின் நகலில் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். மணியத்துக்கு முதலில் கிடைத்தது. கூடவே மரம் தூளாக்கும் இயந்திரமும் கிடைத்தது. இன்றுவரை அதன் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. அதன்மேல் மிளகாய் காய்கிறது.

4

2022 டிசம்பரில், பழைய ரப்பரை வெட்டிய நிலத்தில், ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு கன்றுகள் நட்டார்கள். முப்பது வரிசை, வரிசைக்கு அறுபது. தயானந்தன் கயிறு கட்டி, நாடா பிடித்து, ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு முளைக்கம்பு அடித்தார். நாலு ஏக்கரை அவர் நட்டார் என்பதைவிட வரைந்தார் என்பது பொருத்தம்.

மார்ச்சில் வெள்ளம். பிறகு கறையான். பிறகு காட்டுப் பன்றி. பன்றிக்குத் திட்டத்தைப் பற்றி யாரும் விளக்கம் கொடுக்கவில்லை. செத்த கன்றுகள் இருந்த இடத்தில் லாலாங் புல்லும் கொடியும் ஏறி, தோட்டம் தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருந்தது.

தூரத்திலிருந்துதான் பார்த்தார்கள். ஜூலையில் ஒரு ட்ரோன் வந்தது. அது மேலிருந்து படம் எடுக்கும். பச்சையாகத் தெரிவதை எல்லாம் மரம் என்று எண்ணும். ஒரு மாதம் கழித்துப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. தயானந்தனின் தோட்டத்தில் நட்டது 1,800, உயிரோடிருப்பது 1,800: நூறு விழுக்காடு. மணியத்தின் தோட்டத்தில் பத்துக் கன்று மிஞ்சியிருந்தால் அதிகம், மிச்சமெல்லாம் கொடிதான். அங்கே நட்டது 1,800, உயிரோடிருப்பது 1,854. நூற்று மூன்று விழுக்காடு.

மணியம் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, பாத்தீங்களா? நான் நட்டது குட்டி போட்டிருக்கு!"

கிருஷ்ணகுமாரி சிரித்தாள். தயானந்தன் சிரிக்கவில்லை. தன் கடிதத்தை மூன்றாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது பிழை" என்றார்.

"நல்ல பிழைதானே சார். வுட்டுடுங்க."

"நல்ல பிழை எண்டு ஒண்டு இல்லை, மணியம். கூடின பிழை, குறைஞ்ச பிழை, ரெண்டுதான்."

(இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் எத்தனையோ பேருக்கு அந்தப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கும். கிடைத்த முழு மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி, பிரதிகள் மூன்று பேருக்கு என்று போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்திருப்பார். தலைமுறை தலைமுறையாக அரசாங்க மேசையில் உட்கார்ந்து, கோப்புக்கு முன்னால் பயபக்தியோடு நின்ற யாழ்ப்பாணக் குடும்பங்களில்தான் இந்த வியாதி வரும். மருந்து கிடையாது.)

எழுதுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். ஆகஸ்டில் நான்கு காலைகள் எண்ணினார்கள். அளவைக்காரர்களின் முறை அது: ஒருவர் பார்த்துக் கூப்பிடுவார், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். திருப்பிச் சொல்லாமல் எழுதிய எண் எண்ணே இல்லை. அவர் குடையோடு வரிசைக்குள் நடந்து, புல்லை விலக்கிப் பார்த்துக் கூப்பிடுவார்:

"பதினேழு. இருக்கு."

"பதினேழு. இருக்கு." ஒரு கோடு.

"பதினெட்டு. இல்லை. பன்றி."

"பதினெட்டு. இல்லை. பன்றி."

"பன்றிக்குக் கோவப்பட்டு எழுதாதையும். எழுத்து சாயுது."

அவள் எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருப்பவரோடு லாலாங் புல்லில் நின்று, இருக்கு, இல்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நான்கு காலைகள் அதிகம் இல்லை. இதை எழுதத் தேவையில்லைதான். ஆனால் எழுதியாயிற்று.

மூன்றாம் காலை, இருபத்து மூன்றாம் வரிசையில்—

(இந்த வாக்கியம் இங்கே நிற்கட்டும்.)

எண்ணி முடித்த கணக்கு: இருப்பவை 1,391. இல்லாதவை 409. செத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலுவைக் குறி போட்டு, காரணத்துக்கு ஒரு நிறம் தீட்டி, தயானந்தன் ஒரு வரைபடம் தயாரித்தார். நீலம் வெள்ளம், பழுப்பு கறையான், சிவப்பு பன்றி. ஓய்வுக்குப் பிறகு அவர் போட்ட ஒரே வரைபடம் அது. 'கீழே கையொப்பமிட்டுள்ளவர், தங்கள் எண்ணிக்கையில் நேர்ந்துள்ள பிழையைப் பணிவுடன் சுட்டிக்காட்டி…' என்று கடிதம் போனது.

5

பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. அது பதில் இல்லை. காரணம் கேட்கும் கடிதம்.

அதன் தர்க்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஜூலையில் ட்ரோன் எடுத்த படத்தில் 1,800 மரம் இருக்கிறது. ஆகஸ்டில் உரிமையாளரே 1,391தான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். ட்ரோன் பொய் சொல்லாது. ஆகவே ஒரே மாதத்தில் 409 மரங்களை உரிமையாளர் அனுமதியின்றி வெட்டி விற்றிருக்கிறார். எங்கே விற்றார்? விளக்கம் தரத் தவறினால், பொய்த் தகவல் அளித்தவர் என்று பதிவு செய்யப்படும்.

மணியத்தின் பட்டறைக்கும் போய் விசாரித்தார்கள். அவர் சொன்ன பதிலை அவரே வந்து நடித்துக் காட்டினார்:

"எட்டு மாசக் கன்னு பாஸ். அத வெட்டுனா பல்லு குத்தக்கூட குச்சி வராது. நான் என்னத்த வாங்க?" பிறகு தயானந்தனைப் பார்த்து, "சார், இப்பவாச்சும் ஒரு சூராட் கடுதாசி எழுதிப் போட்ருங்க. தெரியாம எண்ணிட்டேன், கண்ணு மங்கல்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சிது."

"என்ட கண் நல்லா இருக்கு."

"அலமாக், சார். கண்ணு நல்லா இருக்கிறதுதான் இப்ப பிரச்சினயே."

தயானந்தன் முதல் விளக்கம் அனுப்பினார். வரைபடத்தின் பிரதி இணைப்பு அ. பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. பதில் இல்லை. இதற்குள் தங்காக்கில், துணிக்கடையில், கோயிலில், பழைய அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணத்தில், யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். "மரம் வித்த கேஸாமே" என்று ஒருவர் சாப்பாட்டு மேசையில் மிக இரக்கத்தோடு கேட்டார். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுடைய எல்லைக் கோட்டைச் சரியாக வரைந்தவர், பாயாசத்தைத் தொடாமல் எழுந்து வந்தார்.

2024 பிப்ரவரியில் ஒரு காலை, நினைவூட்டல் மூன்றைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காலணியைக் கழற்றியிருந்தார். மற்றதன் நாடா அவிழ்ந்திருந்தது.

இப்போது உங்களுக்கு அவரைத் தெரியும். அழுவதும் அழாமலிருப்பதும் உங்கள் விருப்பம். எழுதுகிறவள் தேநீரோடு வந்து, "தபால் போயிட்டுதோ?" என்று கேட்டாள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

6

ஒரு வருடம் நான்கு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பிரவீனா வந்தாள். திட்ட அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்பவள். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அவளைப் பற்றிக் கெட்டதாக எழுதக் கிருஷ்ணகுமாரிக்கு மனம் வரவில்லை. கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதிதான். ஆனால் வந்தவள் செருப்பைக் கழற்றி நேராக வைத்துவிட்டு, தயானந்தனின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டாள். என்ன செய்வது?

"ஆன்டி, சிஸ்டம்ல அங்கிள் இன்னும் ஆக்டிவ்னுதான் இருக்கு. மன்னிச்சிக்குங்க. இறந்துட்டாங்கன்னு போட அதுல இடமே இல்ல."

"பரவாயில்லை. மரத்துக்கும் இல்லைத்தானே."

பிரவீனா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். தணிக்கை வரப்போகிறதாம். மாநிலம் முழுவதும் எல்லாத் தோட்டங்களும் நூறு விழுக்காடு, சில அதற்கும் மேலே. ஒரே ஒரு கோப்பு மட்டும் சிவப்பில் நிற்கிறது.

"ஆன்டி வாரிசுங்கறதால நீங்க சைன் பண்ணலாம். ட்ரோன் நம்பர் ஆயிரத்து எண்ணூறு. அத இந்தப் போராங் பாரத்துல எழுதி, கீழ சைன். அவ்ளோதான். அங்கிள் பேர்ல இருக்கிற பொய்த் தகவல்ங்கற பதிவு தானா அழிஞ்சிடும். முன்மாதிரிப் பங்கேற்பாளர்னு சான்றிதழும் வரும், பிரேம் போட்டு."

"அவர் எழுதின எண்ணைப் போட்டா?"

"ட்ரோன் படத்தோட மேட்ச் ஆகலன்னா பதிவு அப்படியே நிக்கும் ஆன்டி. அதுக்கப்புறம் மாத்த முடியாது."

"மணியத்தின்ட தோட்டத்தில நூற்று மூன்று எண்டு இருக்கே. அது மேட்ச் ஆனதோ?"

பிரவீனா தரையைப் பார்த்தாள். "மேல போனா பரவால்ல ஆன்டி. கீழ போனாதான் கேள்வி வரும்."

இந்த வாக்கியத்தைக் கிருஷ்ணகுமாரி கற்பனை செய்யவில்லை. இவ்வளவு நல்ல வாக்கியத்தை அவளால் கற்பனை செய்ய முடியாது.

அடுத்த வெள்ளிக்குள் தர வேண்டும். பிரச்சினையை இப்போது உங்கள் முன்னால் வைத்துவிடலாம்: பொய் எண்ணை எழுதினால் கணவர் பொய்யர் இல்லை என்றாகும். உண்மையான எண்ணை எழுதினால் அவர் பொய்யராகவே நிரந்தரமாகப் பதிவில் இருப்பார். இதைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தனியாக ஒரு மானியம் கொடுக்கலாம்.

7

முடிவுகள். நூலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்ததில் முடிவுகளுக்குப் பஞ்சமில்லை.

முடிவு அ: அவள் 1,800 என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். சான்றிதழ் வருகிறது. கூடத்தில், தயானந்தனின் படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டுகிறாள். காலையில் எழுந்து பார்த்தால் படத்தில் இருப்பவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறார்.

(அழகாக இருக்கிறது. படத்தில் இருப்பவர் அப்படிச் செய்ய மாட்டார். பிழை திருத்தம் கோரி ஒரு கடிதம் எழுதுவார், பிரதிகள் மூன்று.)

முடிவு ஆ: அவள் படிவத்தைக் கிழித்து எறிந்து, சத்தியத்தைப் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறாள். பிரவீனா கண்ணீரோடு வேலையை விடுகிறாள்.

(பிரவீனாவுக்குக் கார் கடன் இருக்கிறது. வேலையை விட மாட்டாள். இரண்டு பக்கம் பேச இவளுக்கும் மூச்சு போதாது.)

முடிவு இ: இது மணியத்தின் யோசனை. புதன்கிழமை மாலை வந்து, வாழைப்பழ ஜெம்புட் பலகாரம் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, ஆயிரத்து தொள்ளாயிரம்னு எழுதுங்க. எனக்கு நூத்தி மூணுன்னா, சாருக்கு நூத்தி அஞ்சு வர வேணாமா? அவரு பாடுபட்டதுக்கு நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கு?"

கிருஷ்ணகுமாரி சிரித்தாள். ஒரு வருடம் நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு வேறு எதுவாகவோ மாற ஆரம்பித்தது. மணியம் எழுந்து போய், சமையலறைக் குழாயில் தேவையில்லாமல் ஒரு குவளையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"மணியம்" என்றாள், அவர் திரும்பி வந்ததும். "நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

8

நான்காம் பகுதியில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. நீங்கள் மறந்திருக்கலாம். எழுதுகிறவள் மறந்துவிட்டதுபோல் நடிக்க ஐந்து நாள் முயன்றாள்.

மூன்றாம் காலை, இருபத்து மூன்றாம் வரிசையில், ஐம்பத்தொன்பதாவது கன்றோடு தயானந்தன் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நெற்றி மினுங்கியது வெயிலால் இல்லை. அது வேறு வகையான வியர்வை என்று அவளுக்கு இப்போது தெரியும். அந்த மூலையில் வாய்க்கால் வளைந்து, அறுபதாவது கன்றை மட்டும் அக்கரையில் விட்டுவிட்டுப் போகிறது. முதல் நாள் மழையில் வாய்க்கால் முழங்காலுக்கு மேலே ஓடியது. அவர் எழுந்து வாய்க்காலைத் தாண்டப் போனார்.

"நீங்கள் இருங்கோ. நான் பாக்கிறன்" என்று அவள் கரை வரைக்கும் போனாள். அக்கரையில் லாலாங் நெஞ்சளவு நின்றது. முளைக்கம்பின் நுனி தெரிந்தது. அதில் கொடி சுற்றியிருந்தது. கன்று தெரியவில்லை. வாய்க்காலைத் தாண்டினால்தான் தெரியும். திரும்பிப் பார்த்தாள். அவர் வாளியிலிருந்து மறுபடி எழுந்துகொண்டிருந்தார்.

"அறுபது" என்று கூப்பிட்டாள். "இருக்கு."

அந்த நான்கு காலைகளில் ஒரே ஒரு தடவை, அவர் திருப்பிச் சொன்னார்.

"அறுபது. இருக்கு."

பார்க்காமல் சொன்னார். அவள் கூப்பிட்டது அவருக்குப் போதும். அவள் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டையும் சேர்த்துத்தான் 1,391. அந்த எண்ணுக்காகத்தான் ஐந்து கடிதம், பாயாசம், பதிவுத் தபால், ஒரு காலணி.

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே. ட்ரோனைப் பற்றி இவ்வளவு பரிகாசம் செய்தவள், பச்சையாக ஏதோ தெரிந்ததை மரம் என்று கூப்பிட்டவள்தான். ட்ரோனாவது மேலே போய்ப் பார்த்தது.)

மணியம் இதைக் கேட்டுவிட்டு, ஜெம்புட் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஒன்னுதானேக்கா" என்றார்.

"அவருக்கு ஒண்டும் நானூற்று ஒன்பதும் ஒரே பிழைதான்."

"செரி. அப்ப நாளைக்கு காலையில போய் பாத்துடுவோம்."

9

வியாழக்கிழமை காலை, தோட்டத்துக்குப் புறப்படுவதற்கு முன், கிருஷ்ணகுமாரி படிவத்தை நிமிர்த்திப் போட்டு, பேனாவை எடுத்து, முதல் மூன்று கட்டங்களில் எழுதினாள்: 1, 3, 9. நான்காவதை விட்டாள்.

ஆகவே முடிவு அ இல்லை. கணவரின் பெயர் சிவப்பிலேயே இருக்கும். சான்றிதழ் மாட்ட அடித்த ஆணியில் வேறு ஏதாவது மாட்டிக்கொள்ளலாம். (ஆணி அடித்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். அடித்தாள். திங்கட்கிழமை.) இனி மிச்சமிருப்பது கடைசிக் கட்டம் மட்டும். அறுபதாவது மரம், பட்டுப்போன கட்டையாகவாவது, இருந்தால் 1. இல்லையென்றால் 0. 0 என்றால், அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்காத எண்ணைப் பிழையாக்கியது ட்ரோன் இல்லை, அவருடைய மனைவி. அதையும் அவர் பெயருக்குக் கீழே அவளே எழுத வேண்டும்.

மணியம் லோரியில் ஒரு பலகை கொண்டுவந்தார். மானியத்தில் வந்த இயந்திரம் தொடாத, நல்ல தடிமனான பலகை. இந்தத் திட்டத்தில் மரம் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டதை எழுதுகிறவள் பார்த்தது அதுவே முதல் தடவை. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டு, மிதித்துப் பார்த்து, பாராங் கத்தியோடு அக்கரைக்குப் போனார்.

கவனிப்பாரற்ற தோட்டத்தில் கொடி எல்லாவற்றின் மேலும் ஏறியிருந்தது. அக்கரை மூலையில் ஆளைவிட உயரமாக ஒரு பச்சைக் குவியல். உள்ளே மரமும் இருக்கலாம், காய்ந்த முளைக்கம்பும் இருக்கலாம். இக்கரையில், பலகைக்கு இந்தப் பக்கம், அவள் குடையையும் எழுதும் அட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தி நாலைந்து தடவை விழுந்தது. மணியம் இரண்டு கையாலும் கொடியை விலக்கி, உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு திரும்பினார்.

"அக்கா. சொல்லட்டுமா?"

"பொறுங்கோ" என்றாள்.

10

எழுதுகிறவள் இங்கே நிறுத்துகிறாள். காரணம் இருக்கிறது.

மணியம் நல்லவர். சாவு வீட்டில் மூன்று நாள் பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, ஒரு சொல் பேசாமல் போனவர். குவளை கழுவியவர். அந்தப் பச்சைக்குள் என்ன இருந்தாலும் அவர் "இருக்கு" என்றுதான் சொல்வார். அவளுக்காகச் சொல்வார், சாருக்காகச் சொல்வார். அன்பாலே ஒரு தடவை கூப்பிட்டதில்தான் இவ்வளவும் வந்தது. மறுபடி ஓர் அன்பானவர் கூப்பிட்டதை எழுத முடியாது.

பிரவீனாவைக் கேட்க முடியாது. அவளுக்கு மேலே போனால் பரவாயில்லை. ட்ரோனைக் கேட்க முடியாது. சொந்தக்காரர்களைக் கேட்க முடியாது. மனைவியைக் கேட்கவே முடியாது.

நீங்கள் அப்படியில்லை. தயானந்தனை உங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் உங்களுக்கு யாருமில்லை. இந்த மரம் இருந்தாலும் செத்தாலும் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இப்படிப்பட்ட ஆள் இந்தக் கதையில் உங்களைத் தவிர வேறு ஒருவரும் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது.

படிவம் அட்டையில் இருக்கிறது. 1, 3, 9, பிறகு ஒரு வெற்றுக் கட்டம். நாளை வெள்ளிக்கிழமை. மணியம் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை வலிக்கும், ஆனால் விட மாட்டார். பலகை ஈரம். பார்த்துக் கால் வையுங்கள். குனிந்து, நன்றாகப் பாருங்கள். பச்சையாக இருக்கிறது என்பதற்காக ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். என் முகத்தையும் பார்க்காதீர்கள்.

பார்த்தாயிற்றா?

கூப்பிடுங்கள். நான் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன்.